ஐயம் ஒரு பாடமாகுமா?

கணினி கற்றவன் சிந்திக்கவும் கற்றவனாவானா என்பது இன்று நமது கல்வியுலகு எதிர்நோக்கும் வினாக்களுள் ஒன்று. விடை எளிதென்றே பலர் கருதுகின்றனர். பாடசாலைக்குக் கணினிகள் வழங்கப்படும் வைபவங்களில் மேடையேறுவோர், அறிவுலகின் கதவு திறந்துவிட்டதென்று பேசி அமர்வதை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். கதவு திறந்தது மெய். அக்கதவால் உள்ளே வருவது யாது, வருவதை இனங்காணும் ஆற்றலை மாணவனுக்கு யார் கொடுத்தனர் என்பவை பற்றி அம்மேடைகளில் எவரும் வாய் திறப்பதில்லை.

இவ்வினாவுக்குள் அறஞ் சார்ந்த வேறொரு வினா அடங்கிக் கிடக்கிறது. இளைஞரை ஐயுறப் பழக்கும் உரிமை ஆசிரியனுக்கு உண்டா? உண்டெனின், அந்த ஐயம் எங்கே போய் நிற்க வேண்டும்? அயலான் சொல்வதை ஆராய்ந்து பார் என்று கற்பித்துவிட்டு, நம்மவர் சொல்வதன் முன் கைகட்டி நில் என்று சொல்லலாமா? யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத் தீவின் சாட்டிக் கரையிலிருந்து எழுதும் நமக்கு இவை வெறும் ஏட்டு வினாக்களல்ல. போரில் எல்லாவற்றையும் இழந்த மக்களிடம் எஞ்சியிருப்பவை சில நம்பிக்கைகளே. அவற்றின் மீதும் பிள்ளைகள் கைவைக்கக் கற்றுக்கொடுப்பது நியாயமா என்று நம்மிடம் கேட்பவர்கள் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். எமது கல்லூரிகளின் மேல்வகுப்புகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாக இருக்கிறது. கணினியின் உறுப்புகள், இரும எண்கள், விரிதாள், தரவுத்தளம் என்று அது விரிகிறது. இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு இவை சோறு போடும் கல்வி. ஆனால் தரவுக்கும் தகவலுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு புள்ளிக்கு எழுதும் மாணவன், மெய்த்தகவலுக்கும் பொய்த்தகவலுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் புள்ளிக்காகவும் எழுத வேண்டியதில்லை. கணினி அறையின் பூட்டுத் திறக்கப்படுவது வாரத்தில் சில பாடவேளைகளுக்கு. ஒரு கணினியைச் சுற்றி மூவர் நால்வர். அறைக்கு வெளியே, அவரவர் சட்டைப்பையிலும் வீட்டிலும் கைத்தொலைபேசி உண்டு. ரொறன்ரோவிலும் பாரிசிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் உறவினர் வாங்கி அனுப்பிய தொலைபேசி அது. அதன் வழியாகவே பிள்ளைகள் பேரனைப் பார்க்கின்றனர், ஊர்க்கோயில் திருவிழாவைக் கடல்கடந்தோருக்குக் காட்டுகின்றனர், செத்தவீட்டில் அழுகின்றனர். உலகம் அவர்களுக்கு வருவது அந்தச் சிறு கண்ணாடி வழியாகவே. அதைப் பற்றிப் பாடநூல் பேசும்போது அதன் பாகங்களைப் பற்றியே பேசுகிறது.

அதன் வழியாக வருவனவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருநள்ளாற்றுச் சனீசுவரன் கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் சில விநாடிகள் நின்று செல்கின்றனவாம். இதை அமெரிக்காவின் நாசா நிறுவனம் கண்டு வியந்ததாம். தமிழுலகெங்கும் பல ஆண்டுகளாகச் சுற்றி வரும் கதை இது. பூமிக்கு அண்மையில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் செக்கனுக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டமே அதனை விழாமல் காக்கிறது. நின்றால் விழும். இந்தக் கணக்கை உயர்தர வகுப்பின் பௌதிகவியல் மாணவர் பிழையின்றிச் செய்வர். செய்து முடித்துக் கொப்பியை மூடிவிட்டு அதே கதையை வட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்புவர். பாடத்தில் கற்றதும் வாழ்வில் நம்புவதும் ஒரே தலைக்குள் அயலறியா அயல்வீட்டுக்காரரைப்போல் குடியிருக்கின்றன. எதனையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்ற கருத்துடைய குறளையும் அதே மாணவர் மனப்பாடமாக ஒப்பிப்பர். அந்தக் குறளை ஆராய்ந்தா ஏற்றீர்கள் என்று கேட்டால் சிரிப்பர்.

இதனைக் கண்டு, நமது மக்களுக்கு இயல்பிலேயே ஆராயும் மனம் இல்லை, அதனை மேனாட்டிலிருந்து இறக்குமதி செய்தாக வேண்டும் என்று எண்ணுவோர் உளர். 'விமர்சனச் சிந்தனை' என்ற தலைப்பில் நடைபெறும் பயிற்சிப் பட்டறைகள் சிலவற்றின் தொனியும் அதுவே. நாம் இதனை ஒப்பவில்லை. தீவக வாழ்வை அறிந்தவர் எவரும் ஒப்பார்.

எமது தீவுகள் சுண்ணக்கற் பாறையின்மேல் கிடப்பவை. ஆறில்லை, மலையில்லை. மழைநீர் நிலத்துள் இறங்கிக் கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கிணற்றில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. சாட்டியின் மணற்பாங்கான நிலத்தில் நல்ல நீர் கிடைப்பதால் அயலூர்களுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. ஆகவே, தீவகத்து வீடு எதிலும் ஒரு குடம் தண்ணீர் வந்தால் முதற் கேள்வி, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதே. நிறத்தைப் பார்த்து எவரும் ஏமாறுவதில்லை. உவர்நீரும் தெளிந்தே இருக்கும். எழுத்தறியாத கிழவியும் ஊற்றைக் கேட்டு, ஒரு மிடறு நாவில் வைத்துப் பார்த்த பின்னரே உலையில் ஊற்றுவாள். அவளுடைய பேரன், எங்கிருந்து வந்ததென்று தெரியாத செய்தியை அண்ணாந்து அப்படியே விழுங்குகிறான். ஆராயும் மனம் இங்கே இல்லாமலில்லை; அது கிணற்றடியோடு நின்றுவிட்டது.

இன்னொரு சான்றும் உண்டு. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்தது. பொருளாதாரத் தடையால் மின்கலமும் மண்ணெண்ணெயும் அரும்பொருளாயின. பிள்ளைகள் யாம் போத்தல் விளக்கிற் படித்தனர். வானொலி கேட்பதற்குத் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, தைனமோவிலிருந்து வந்த மின்னோட்டத்தில் ஊரே செய்தி கேட்டது. அவ்வூர் கேட்டது ஒரே வானொலியையா? அல்ல. இலங்கை வானொலி ஒரு தொகை சொல்லும்; புலிகளின் குரல் வேறொரு தொகை சொல்லும்; பி.பி.சி. தமிழோசை இரண்டையும் சொல்லி மூன்றாவதொன்றையும் சொல்லும். மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலியும் வரும். கேட்டு முடிந்த பின் வேலியோரத்தில் ஒரு வழக்காடு மன்றம் கூடும். எவர் எந்தத் தொகையைக் கூட்டுவார், எவர் எதனைக் குறைப்பார், இரண்டு பேரும் ஒத்துச் சொல்வது எது, இரண்டு பேருமே பேசாமல் விட்டது எது என்று அலசுவர். பல்கலைக்கழக வாசலை மிதியாத கமக்காரரும் கடற்றொழிலாளரும் செய்த வேலை அது. செய்தி அரிதாக இருந்தமையாலும், அதனைப் பெற உடலுழைப்பு வேண்டியிருந்தமையாலும், கிடைத்ததை உரசிப் பார்க்கும் வழக்கம் தானாகவே உண்டாயிற்று எனலாம். பிழையான செய்தியை நம்பி வீட்டைவிட்டு ஓடினாலும் ஓடாமலிருந்தாலும் உயிர் போகும் என்ற நிலையும் ஒரு நல்லாசிரியனாக இருந்தது.

இன்று செய்தி பெறுவதற்கு மிதி சுற்ற வேண்டியதில்லை. உழைப்பு நீங்கியபோது உரசிப் பார்க்கும் வழக்கமும் கூடவே நீங்கிற்று. முன்னர் ஒரே மாலையில் நான்கு வானொலிகளின் குரல் காதில் விழுந்தது. இப்போது, நீ எதனை விரும்பிப் பார்த்தாயோ அதனையே மேலும் மேலும் கொண்டுவந்து தரும்படி இயந்திரத்தைக் கட்டி வைத்திருக்கின்றனர். நீ அதிக நேரம் பார்த்திருந்தால் விளம்பரகாரனுக்கு இலாபம் என்பதே அதன் பொருளியல். வேலியோர மன்றத்தில் எதிர்வாதி தவறாமல் இருந்தான். கைத்தொலைபேசியில் எதிர்வாதியை ஒரு விரலால் அகற்றிவிடலாம். ஆகவே, முன்பு வாழ்க்கையே கற்பித்த ஒன்றை இன்று வகுப்பறையிற் கற்பிக்க வேண்டியதாயிற்று. கணினிப் பாடத்தையும் சிந்தனைப் பாடத்தையும் இரண்டாகப் பிரிக்கலாகாது என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுவே.

நமது கல்வி வரலாற்றில் இதற்கு முன்னோடிகள் இல்லாமற் போகவில்லை. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் கணிதமும் வானியலும் உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. அதன் தலைவராயிருந்த தானியேல் பூவர் பாதிரியாருக்கும் யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க கணிதருக்கும் இடையே 1829இல் ஒரு வழக்கு எழுந்தது. அவ்வாண்டு மார்ச் 20ஆம் நாளிரவு நிகழவிருந்த சந்திர கிரகணம் எத்தனை மணிக்குத் தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், சந்திரனில் எத்துணைப் பங்கு மறையும் என்பவற்றில் பஞ்சாங்கம் ஒன்று சொல்லிற்று, பாதிரியாரின் கணக்கு வேறொன்று சொல்லிற்று. அன்றிரவு மக்கள் வானத்தைப் பார்த்தனர். பாதிரியார் கணக்கே சரியென்று கண்டனர்.

இக்கதையை மேனாட்டறிவின் வெற்றியாக மட்டும் படிப்பது அரைகுறைப் படிப்பாகும். கிரகணம் வரும் என்பதைப் பஞ்சாங்கமும் அறிந்தே இருந்தது. பிழை அளவுகளில் இருந்தது. நம்மைக் கவர்வது வேறு. இரு தரப்பினரும் வானத்தை நடுவராக ஏற்றனர். எவருடைய குலம், எவருடைய சமயம், எவருடைய ஆட்சி என்ற பேச்சுக்கு அந்த முற்றத்தில் அந்நேரம் இடமில்லை. அதேவேளை, பஞ்சாங்கத்தை மணிக்கூடு கொண்டு சோதித்த அம்மிசனரிமார் தமது வேதாகமத்தை அவ்வாறு சோதிக்க மாணவரை அழைத்ததில்லை. பிறன் நம்பிக்கையைச் சோதிக்கும் கருவியாகவே அறிவியலை அவர்கள் கொணர்ந்தனர். ஆனால் கருவி கைமாறும் இயல்புடையது. செமினரி 1855இல் மூடப்பட்டது. மதமாற்றத்துக்கு அது போதிய பயன் தரவில்லை என்ற எண்ணமும் மூடியதற்குக் காரணம்.

அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்னர் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சிற் கொணர்ந்தார். பதிப்பாசிரியரின் வேலை யாது? பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டுவது; ஓர் ஏட்டில் ஒரு சொல்லும் மற்றோர் ஏட்டில் வேறொரு சொல்லும் இருக்கக் கண்டால், எது மூலத்துக்கு அண்மையது, எது ஏடெழுதியவன் கைப்பிழை, எது பின்னாளில் ஒருவன் வேண்டுமென்றே புகுத்தியது என்று ஆராய்வது; முடிவுக்கு வர இயலாத இடத்தில் இரண்டையும் காட்டிப் பாடபேதம் என்று குறித்து வைப்பது. தமிழ் கற்ற நமக்கு இது பழகிய வேலை. பதிப்பியல் என்று அதற்குப் பெயரிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு மூலையில் வைத்திருக்கிறோம். கைத்தொலைபேசியில் வரும் ஒரு செய்தியும் ஏட்டைப்போன்றதே. எழுதியவர் பெயரில்லை, காலமில்லை, கைமாறுந்தோறும் ஒரு சொல் கூடுகிறது, ஒரு சொல் குறைகிறது. பாடபேதம் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இணையம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இவ்வகையில் தமிழாசிரியனுக்கும் கணினி ஆசிரியனுக்கும் உள்ள உறவு, ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் தேநீர் அருந்தும் உறவினும் நெருங்கியதாக இருக்க வேண்டும்.

பாடபேதம் பாராத சமூகம் என்ன விலை கொடுக்கும் என்பதை நாம் வேறெங்கும் போய்த் தேட வேண்டாம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முசிலிம் ஒருவரின் உணவகத்திற் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறதென்று ஒரு புரளி கிளம்பிற்று. உணவில் கண்ட சிறு கட்டியொன்றே சான்று. கடையிலிருந்தவரை மிரட்டி வாக்குமூலம் வாங்கிப் படமெடுத்துப் பரப்பினர். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஆண் பெண் எவரையும் நிரந்தர மலடாக்கும் அத்தகைய மாத்திரை உலகிலேயே இல்லை. பின்னர் அரச பகுப்பாய்வுத் திணைக்களம் ஆராய்ந்து, அது மருந்தன்று, மாவுக்கட்டியே என்று அறிவித்தது. அந்த அறிக்கை வருவதற்கிடையில், மார்ச் முதல் வாரத்தில், திகனையிலும் கண்டியின் அயலூர்களிலும் வீடுகள் எரிந்துவிட்டன. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றைச் சில நாள் முடக்கி வைத்தது. தனது தளம் வெறுப்பைப் பரப்பப் பயன்பட்டமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. மாவுக்கட்டியை மாத்திரையென்று நம்பியோருள் கணினி அறிவற்றவர்கள் எத்தனை பேர்? அப்படத்தை எடுக்கவும் வெட்டவும் ஒட்டவும் பரப்பவும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததன்றோ?

இத்தகைய தீங்கிற்கு ஆட்சியாளர் கண்ட மருந்து சட்டம். 2024 சனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தது. குடிமக்கள் தாமே உரசிப் பார்க்கக் கற்பதைக் காட்டிலும், அவர்களுக்காக வேறொருவர் உரசிப் பார்த்துச் சொல்வது ஆள்வோருக்கு என்றும் வசதியானது. உரசிப் பார்க்கக் கற்ற குடிமகன் வரவுசெலவுத் திட்டத்தையும் உரசிப் பார்ப்பான்.

இனி, புதிதாக வந்த விருந்தாளியைப் பற்றியும் ஒரு சொல். கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் 2022இன் இறுதியிலிருந்து மாணவர் கைகளுக்கு எட்டிவிட்டன. பிள்ளைகள் தாமே கட்டுரை எழுதுவதில்லை, இயந்திரம் எழுதித் தருகிறது என்று ஆசிரியர் பலர் வெகுண்டெழுகின்றனர். அவ்வெகுளியில் நமக்குப் பாதிப் பங்குதான் உண்டு. மாதிரி விடையை வரிக்கு வரி சொல்லி எழுதுவித்து, அதனை மாற்றமின்றி ஒப்புவித்தவனுக்கு அதியுயர் புள்ளி கொடுத்து வந்தது யார்? ரியூட்டரிக் குறிப்புக்கும் இயந்திரத்தின் விடைக்கும் உள்ள வேறுபாடு, பின்னதற்கு மாதக் கட்டணம் இல்லை என்பது மட்டுமே. பிறர் எழுதியதைத் தன்னுடையதாக ஒப்புவிக்கும் கலையில் பதின்மூன்று ஆண்டு பயின்ற பிள்ளை, அக்கலைக்கு ஏற்ற கருவி கிடைத்தபோது கைநீட்டி எடுத்துக்கொண்டது.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறதென்பதைக் கற்பிப்பது பயனுள்ளது. எண்ணற்ற எழுத்துகளைப் படித்து, இச்சொல்லின் பின் எச்சொல் வருவது பொருந்தும் என்று கணித்துக் கணித்து அது வாக்கியம் கட்டுகிறது. அது படித்தவற்றுள் ஆங்கிலமே பெரும்பங்கு. தமிழ் மிகச் சிறிது. தமிழிலும் தீவகத்தைப் பற்றியது எள்ளளவு. அத்தகைய இயந்திரமொன்றிடம் சாட்டியைப் பற்றி எழுதும்படி மேல்வகுப்பு மாணவரைக் கேட்கச் செய்தோம். நல்ல தமிழில், தங்கு தடையின்றி, அது ஒரு பக்கம் எழுதிற்று. சாட்டியை நெடுந்தீவிற் கொண்டுபோய் வைத்தது. இங்கே இல்லாத ஒல்லாந்தர் கோட்டை ஒன்றைக் கட்டி எழுப்பியது. சிந்தாத்திரை மாதா கோயிலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வகுப்பு வயிறு குலுங்கச் சிரித்தது. (ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரைக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம், அது 'வாயாடி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகிவிடுகிறது. எழுதிய இயந்திரத்துக்கு அப்பெயர் பொருத்தமே.) சிரிப்பு அடங்கிய பின், இதே இயந்திரம் பேரு நாட்டைப் பற்றியும் நுரையீரலைப் பற்றியும் எழுதித் தந்ததை நேற்று நீங்கள் எப்படி நம்பினீர்கள் என்று கேட்டோம். சாட்டியில் அவர்களே வானத்தைப் பார்த்த மக்கள். பேருவில் அவர்களுக்கு வானமில்லை. அங்கே செய்யக்கூடியது ஏடுகளை ஒப்பிடுவது ஒன்றே.

இதுவரை சொன்னவற்றை மறுப்பார் அதிகம் இரார். அம்பாறையில் சிங்கள மக்கள் ஏமாந்த கதையை நமது வகுப்பறையிற் சொல்வதற்குத் துணிவு வேண்டியதில்லை. இயந்திரத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கும் வேண்டியதில்லை. ஐயம் வீட்டு வாசற்படியை மிதிக்கும்போதே சோதனை தொடங்குகிறது.

1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து நயினாதீவு நோக்கி வந்த குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, அதில் வந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதைச் செய்தனரென்று உயிர் தப்பியோர் சாட்சியம் அளித்தனர். இத்தீவகத்தில் அதனை அறியாத குடும்பமில்லை. இறந்தோர் தொகையை வெவ்வேறு வெளியீடுகள் வெவ்வேறாகத் தருகின்றன. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நூல்களும் எவரும் இலவசமாகப் படிக்கும்படி திரட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்து ஏறத்தாழ 97,000 நூல்களைச் சாம்பராக்கியவர்களுக்கு இம்மண்ணின் இளைஞர் கணினியால் அளித்த மறுமொழி அது என்று நாம் கருதுவதுண்டு. அதிலும் பிற இடங்களிலும் குமுதினி பற்றிக் கிடைப்பனவற்றைத் திரட்டி, எவர் சொன்னார், எப்போது சொன்னார், எப்படி அறிந்து சொன்னார் என்று மூன்று நிரல்களில் எழுதும்படி மாணவரிடம் கூறினோம்.

ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய குரலில் சினமிருந்தது. "எங்கட சனம் செத்ததையும் கணக்குப் பார்க்கிறதோ சேர்?" என்றான்.

இதைவிட நேர்மையான எதிர்ப்பை எந்த அறிஞரிடமும் நாம் கேட்டதில்லை. துயரத்தை அளப்பது துயரத்தை அவமதிப்பது என்ற உணர்வு மதிக்கத்தக்கது. ஆயினும் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். கொன்றவர்கள் பக்கத்தில் நிற்பவர் முதலிற் செய்வது, நமது கூற்றில் ஒரு பிழையான எண்ணைத் தேடிப் பிடிப்பது. பிடித்தபின், எண் பொய், ஆகவே நிகழ்ச்சியே பொய் என்பர். கூட்டிச் சொன்ன ஒவ்வோர் எண்ணும் இறந்தவரைக் காப்பதில்லை. அவர்களை மறுப்பவனின் கையில் ஆயுதமாகிறது. மாணவர் பெயர்ப்பட்டியல் தரும் வெளியீடுகளையும் தொகை மட்டும் தருவனவற்றையும் வேறு பிரித்தனர். கண்டெடுத்த உடலங்கள் மட்டும் எண்ணப்பட்டனவா, கடலில் மறைந்தோரும் பின்னர் மருத்துவமனையில் இறந்தோரும் சேர்க்கப்பட்டனரா என்ற வினாக்கள் அவர்களிடமிருந்தே எழுந்தன. எண்கள் பெயர்களாயின. பெயர்களுள் ஒன்று ஒரு மாணவியின் வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்துக்கு உரியது. எழுந்து கேட்ட மாணவன் சமாதானமடைந்தான் என்று சொல்ல மாட்டோம். அவன் நிரல்களை நிரப்பினான்.

இன்னும் ஒருபடி உள்ளே போக வேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முசிலிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது சில மணி நேரமே. துரோகிகள், ஒற்றர்கள் என்ற பேச்சுப் பரப்பப்பட்டது. எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அனைவரும் ஒற்றர்களா என்று கேட்பதற்குக் கணக்கறிவுகூட வேண்டியதில்லை. அம்பாறையின் மாவுக்கட்டிக்கும் இப்பேச்சுக்கும் தருக்க முறையில் யாது வேறுபாடு? நமது வேலியோர மன்றங்கள் நான்கு வானொலிகளையும் உரசிப் பார்த்தன. இதனை உரசவில்லை, உரசியோரும் வாய்க்குள் உரசினர். வெளியே கேட்பதன் விலையை எல்லோரும் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகம, அரசபடை, இந்தியப் படை, இயக்கங்கள் அனைத்தும் செய்தவற்றை ஒரே அளவுகோலால் அளந்து 'முறிந்த பனை' என்ற நூலைச் சக ஆசிரியர்களோடு எழுதினார். 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் அவர் யாழ்ப்பாணத்திற் சுட்டுக் கொல்லப்பட்டார். விமர்சனச் சிந்தனையைத் திறன்களின் பட்டியலில் ஒன்றாக, தட்டச்சுக்கும் விரிதாளுக்கும் இடையில் வைத்துப் பேசுவோர் இதனை நினைவில் வைப்பது நன்று.

சாதியைப் பற்றிப் பேச இடம் போதாது. செயற்கைக்கோள் கதையை மறுக்கத் துணிந்த பிள்ளையும், இன்ன கிணற்றில் இன்னார் அள்ளலாகாது என்று பாட்டன் சொன்னதை மறுக்கும்போது தனித்துவிடப்படுகிறது. கடல்கடந்த ஊர்ச்சங்கங்களின் முகநூற் பக்கங்களில் அப்பழைய எல்லைகள் புதிய எழுத்துருவில் எழுதப்படுவதை அறிந்தவர் அறிவர்.

ஐயுறக் கற்பிக்கும் உரிமை ஆசிரியனுக்கு உண்டா என்று தொடக்கத்திற் கேட்டோம். தன்னையும் அந்த ஐயத்துக்கு உட்படுத்துபவனுக்கு மட்டுமே உண்டு என்பது நமது துணிபு. ஆசிரியன் மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, உலகம் முழுவதையும் ஐயுறுங்கள், என் குறிப்பை மட்டும் நம்புங்கள் என்றால், அவனுக்கும் வட்டுக்கோட்டைப் பாதிரிமாருக்கும் வேறுபாடில்லை. இது சொல்வதற்கு எளிது. ஐம்பது ஆண்டாக ஆசிரியன் சொல்லே முடிவென்று பழகிய சமூகத்தில், பெற்றோர் வந்து, பிள்ளை வீட்டில் எதிர்த்துக் கேள்வி கேட்கிறது, இதுவா படிப்பு என்று முறையிடும்போது நாம் தடுமாறாமலில்லை. புள்ளித்திட்டம் வேறு இருக்கிறது. 'இரு சான்றுகள் முரண்படுகின்றன. முடிவு சொல்ல இன்ன சான்று வேண்டும்' என்று ஒரு மாணவி எழுதிய விடை நம் பார்வையில் அவ்வகுப்பின் தலைசிறந்த விடை. புள்ளித்திட்டத்தில் அதற்கு நிரலில்லை.

அதே மாணவி சென்ற தவணையில் 1829ஆம் ஆண்டுக் கிரகணக் கதையை எடுத்துக்கொண்டாள். பாதிரியார் கணக்கே சரியாயிற்று என்று எழுதி வைத்தவர் யார் என்று கேட்டாள். மிசனரிமாரும் அவர்களைச் சார்ந்து எழுதியோருமே என்றோம். வென்றவர் சொன்னதை மட்டும் வைத்து எப்படித் தீர்ப்பது என்பது அவளுடைய அடுத்த வினா. வாரமொருமுறை திறக்கும் அறையில், மூவரோடு பகிர்ந்த கணினியில், அந்நாளிரவு சந்திரன் எப்போது நிழலுட் புகுந்து எப்போது வெளிவந்தது என்பதைக் கணித்துத் தரும் வானியல் தளத்தைக் கண்டுபிடித்து, யாழ்ப்பாண நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டு வந்தாள். வழக்கின் ஒரு பக்கத்தை இனி எவர் சொல்லையும் நம்பாமலே அறியலாம். மறுபக்கத்துக்கு, அவ்வாண்டுப் பஞ்சாங்கம் உண்மையில் என்ன சொல்லிற்று என்பதைக் காண வேண்டும். அதன் பிரதி, ஏடாகவோ கையெழுத்தாகவோ, எங்கேனும் ஒரு பரணில் எஞ்சியிருக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். வைத்திருப்போர் தெரிவித்தால் அவளிடம் சேர்ப்பிப்போம்.